யூசுஃப் நபியின் களஞ்சியமும் தொப்புள்கொடி இரத்தமும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஸூரா யூசுஃபின் 47-ஆவது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். எகிப்து அரசர் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள், கனவின் பொருளைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. வரப்போகும் பஞ்சத்துக்கு வழியும் சொன்னார்கள். ஏழு ஆண்டு விளைச்சலில் உண்பதற்குத் தேவையான கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்றார்கள். கதிரோடும் உமியோடும் இருக்கும் தானியத்தைப் பூச்சி எளிதில் அரிக்காது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தருகிறார்கள். ஒரு நபி, வஹீயின் வெளிச்சத்தில், பொருளைக் கெடாமல் வைத்திருக்கும் முறையைக் கற்றுக்கொடுத்த இடம் இது.

அதே ஸூராவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பஞ்சம் வந்ததும் அந்தக் களஞ்சியம் யாருக்குத் திறந்தது? அரண்மனைக்கு மட்டுமா? எகிப்து மக்களுக்குத் திறந்தது. தூரத்துக் கன்ஆனிலிருந்து வந்தவர்களுக்கும் திறந்தது. தம்மைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களின் ஒட்டகத்திலும் மூட்டை ஏற்றி அனுப்பினார்கள் அந்த நபி. எப்படிச் சேமிப்பது என்பது முதல் பாடம். யாருக்காகச் சேமிப்பது என்பது இரண்டாவது பாடம்.

இந்த இரண்டு பாடங்களையும் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒரு புதிய விஷயத்தைப் பார்ப்போம். நம் ஊர்களில் பிள்ளை பெறப்போகும் குடும்பங்கள் சில ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி அது: "ஹழ்ரத், குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை வங்கியில் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? வைக்காவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்தவர்களாக ஆகிவிடுவோமா?"

அந்த இரத்தத்தில் என்ன இருக்கிறது?

பனைமரத்தின் உச்சியில் குருத்து இருக்கிறது. மரத்தின் ஓலையெல்லாம் அந்தக் குருத்திலிருந்து வருகிறது. குருத்து போனால் மரம் போனது. அதுபோல நம் உடலிலும் மற்ற அணுக்களை உண்டாக்கித் தரும் அணுக்களை அல்லாஹ் வைத்திருக்கிறான். ஸ்டெம் செல் என்று மருத்துவர்கள் சொல்வதைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்கள் இரத்தத்தின் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் நாள் தவறாமல் உற்பத்தி செய்கின்றன. அதே வகை அணுக்கள் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கியிருக்கும் இரத்தத்திலும் நிறைய இருக்கின்றன.

காலம் காலமாக அதைப் புதைத்துவந்தோம். 1988-இல் பாரிஸ் நகரில் மருத்துவர் எலியான் குளுக்மான் அவர்களின் குழு, ஃபான்கோனி என்னும் பரம்பரை இரத்தசோகையால் துன்புற்ற ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றியது. தங்கை பிறந்தது அமெரிக்காவில். அங்கே அந்த இரத்தம் சேகரிக்கப்பட்டு, உறைய வைக்கப்பட்டு, கடல் கடந்து பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டது. சிறுவன் பிழைத்தான். உலகில் தொப்புள்கொடி இரத்தத்தால் நடந்த முதல் சிகிச்சை அதுதான். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் 40,000-க்கும் அதிகமான முறை இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது.

அந்த முதல் சம்பவத்தில் ஒன்றைக் கவனியுங்கள். குணமானது இரத்தம் கொடுத்த குழந்தை அல்ல, அதன் அண்ணன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

எப்படிக் கெடாமல் வைக்கிறார்கள்?

கடற்கரை மக்களாகிய நமக்கு இது எளிதில் புரியும். வீட்டு ஃப்ரீசரில் வைத்த மீனை வெளியே எடுத்து உருகவிட்டால் தண்ணீர் விட்டுவிடும், சதை தளர்ந்துவிடும். காரணம், சதையின் அணுக்களுக்குள் இருந்த நீர் ஊசி ஊசியாக உறைந்து, அணுவின் சுவரைக் கிழித்துவிடுகிறது. சாப்பிடும் மீனுக்கு அது பெரிய நஷ்டமில்லை. உயிரோடு திரும்ப வேண்டிய அணுவுக்கு அது மரணம்.

கருவாடு போடும்போது நாம் என்ன செய்கிறோம்? உப்பு, மீனுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. குருத்தணுவை உறைய வைப்பவர்களும் கிட்டத்தட்ட அதையே நுட்பமாகச் செய்கிறார்கள். டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் திரவத்தைப் பெரும்பாலும் பத்து சதவீத அளவில் சேர்க்கிறார்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவில் மெதுவாகக் குளிரூட்டுகிறார்கள். வேகம் கூடினால் அணுவுக்குள் பனி ஊசி உண்டாகும். வேகம் மிகவும் குறைந்தால் அணு வற்றி, உப்பின் செறிவு தாங்காமல் சாகும். சரியான வேகத்தில் இறக்கி, கடைசியில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் கலத்தில் வைக்கிறார்கள். அங்கே அணுவின் எல்லா இயக்கமும் நின்றுபோகிறது, ஆனால் உயிர் போவதில்லை. 23 ஆண்டுகளுக்கு மேல் உறைந்திருந்த தொப்புள்கொடி இரத்தத்தை உருக்கிப் பார்த்து, அதில் வேலை செய்யக்கூடிய குருத்தணுக்கள் இருப்பதை 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

குகைவாசிகளை 309 ஆண்டுகள் உறங்கவைத்து எழுப்பிய ரப்பின் வல்லமையை ஸூரா கஹ்ஃபில் ஓதுகிறோம். மனிதன் இங்கே எதையும் படைக்கவில்லை. அல்லாஹ் வகுத்த விதிகளைக் கண்டுபிடித்து, அவன் படைத்த அணுவைச் சில காலம் காத்துவைக்கிறான். அவ்வளவுதான்.

நம் கடலின் பாசியும் இந்த வேலைக்கு வருகிறது

உறைய வைக்காமலும் குருத்தணுவைச் சில நாட்கள் காக்க முடியுமா என்று ஆய்வு நடக்கிறது. அதற்குப் பயன்படும் பொருள்களில் ஒன்று நமக்கு அந்நியமானது அல்ல.

மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை, பக்கடா பாசி என்று நாம் சொல்லும் பழுப்புப் பாசிகள் வளர்கின்றன. பாம்பன் சின்னப்பாலம் முதல் ஏர்வாடி வரை பெண்கள் கடலில் இறங்கி, பாறையில் கை கிழியக் கிழிய மூச்சடக்கி எடுத்துவருவது இவற்றைத்தான். இப்படிப்பட்ட பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் என்னும் பசை எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமில், துணியில் அச்சு போடும் மையில், பல் மருத்துவர் அச்சு எடுக்கும் பொடியில் அது சேர்கிறது. ஆல்ஜினேட் கரைசலைச் சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போலத் திரண்டு மென்மையான மணிகளாக நிற்கும்.

அந்த மணிக்குள் குருத்தணுக்களைப் பொதிந்துவைத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த குருத்தணுக்களை இப்படிப் பொதிந்து, 15 டிகிரி அளவில் மூன்று நாட்கள் பெரும்பகுதி உயிரோடு இருப்பதைக் காட்டினார்கள். உறைகலம் வேண்டாம், நைட்ரஜன் வேண்டாம். சேமிப்புக் காலம் குறைவுதான். ஆனால் ஓர் ஆய்வகத்திலிருந்து தூரத்து ஆஸ்பத்திரிக்கு அணுக்களைக் கொண்டுசேர்க்க மூன்று நாட்கள் போதும். பெரிய நகரத்தின் ஆஸ்பத்திரிக்கு ஓர் இரவு முழுக்க ரயிலில் போகவேண்டிய நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நம் பாசிதான் அந்த ஆய்வகத்துக்குப் போகிறது என்று சொல்லவரவில்லை. மருத்துவத்துக்கு வேண்டிய ஆல்ஜினேட்டை மிகவும் சுத்திகரித்துத் தயாரிக்க வேண்டும். ஆனால் அதே வகைப் பாசியை நம் கடலிலும் வைத்திருக்கிறான் அல்லாஹ். கடலிலிருந்து மனிதன் பெறும் நிஃமத்துகளை ஸூரா நஹ்லின் 14-ஆவது வசனம் எண்ணிக்காட்டுகிறது. அந்தப் பட்டியல் எவ்வளவு நீளமானது என்பது நமக்கு மெல்ல மெல்லத்தான் விளங்குகிறது.

இது மார்க்கத்தில் கூடுமா?

இனி சட்டத்துக்கு வருவோம். சிலர் இது தவக்குலுக்கு எதிரானது என்கிறார்கள். அப்படி அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. நோயை இறக்கியவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்துவைத்ததாகவும் புகாரியில் வருகிறது. எதிர்காலத்துக்காக ஒன்றை எடுத்துவைப்பது ஈமானுக்குக் குறைவு அல்ல.

நஞ்சுக்கொடியும் தொப்புள்கொடியும் உடலிலிருந்து பிரிந்த பகுதிகள். அவற்றைக் கண்ணியமாகப் புதைப்பது சிறந்தது என்று நம் ஷாஃபிஈ கிதாபுகள் சொல்கின்றன. இரத்தம் நஜீஸ். ஆனால் ஓர் உயிரைக் காக்கும் சிகிச்சைக்கு, அதற்கு ஈடான சுத்தமான மருந்து கிடைக்காதபோது, அதைப் பயன்படுத்த அனுமதி உண்டு. மக்காவின் ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் நடந்த தன் 17-ஆவது அமர்வில் குருத்தணுக்களைப் பற்றி முடிவெடுத்தது. பெற்றோரின் சம்மதத்தோடு நஞ்சுக்கொடியிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுப்பது கூடும் என்றது. அணுக்களுக்காகவே கருவைக் கலைப்பது கூடாது என்றது.

ஆனால் விற்பது கூடாது. இரத்தத்தின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூ ஜுஹைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. மனித உடல் சரக்கு அல்ல. பாதுகாக்கும் வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு, அது இஜாரா. ஆகவே, சேமித்துவைப்பது அடிப்படையில் ஆகுமானது. நம் கேள்வி அங்கே முடிந்துவிடவில்லை. யாருக்காகச் சேமிக்கிறோம் என்பது இன்னும் மீதி இருக்கிறது.

யாருக்காக?

தனியார் வங்கியில் நம் பிள்ளையின் இரத்தத்தை நம் பிள்ளைக்காகவே பூட்டிவைக்கிறோம். அது எவ்வளவு பயன்படும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் கிடைத்த மதிப்பீடுகளைத் தொகுத்துச் சொன்னது: ஒரு குழந்தைக்குத் தன் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் தேவைப்படும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்பதிலிருந்து இரண்டு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது வரை.

ஏன் இவ்வளவு குறைவு? குழந்தைக்குத் தலசீமியா போன்ற பிறவி நோய் இருந்தால், அதே குறை அதன் தொப்புள்கொடி இரத்தத்திலும் இருக்கும். கெட்டுப்போன விதையை எடுத்துவைத்து மறுபடி விதைப்பது போலத்தான். சிறுவயதில் வரும் இரத்தப் புற்றுநோய்கள் பலவற்றில், நோயின் முதல் மாற்றம் பிறக்கும்போதே அந்த அணுக்களில் இருந்திருக்கிறது. அதனால்தான் 1988-இல் அந்தச் சிறுவனுக்குத் தன் இரத்தம் பயன்படாமல் தங்கையின் இரத்தம் பயன்பட்டது. ஒருவரின் குருத்தணு பெரும்பாலும் இன்னொருவரின் உடலில்தான் மருந்தாகிறது. அல்லாஹ் அதை அப்படி அமைத்திருக்கிறான்.

நம் நாட்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஐ.சி.எம்.ஆர், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எதிர்காலத்தில் தனக்கே பயன்படுத்துவதற்காகத் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொப்புள்கொடித் திசு, பல்லின் உட்திசு போன்றவற்றை வணிக வங்கிகள் சேமிக்க அனுமதி இல்லை என்றும் அதில் இருக்கிறது.

ஆனால் விளம்பரம் எப்படி வருகிறது? எல்லா நோய்க்கும் இது கவசம் என்பது போல வருகிறது. பிரசவ பயத்தில் இருக்கும் உம்மாவிடம், இப்போது விட்டால் இந்த வாய்ப்பு திரும்ப வராது என்று சொல்கிறார்கள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஒரு பொருளின் பயனை மிகைப்படுத்தி, குறையை மறைத்து விற்பது அந்த ஈரத் தானியம்தான். விற்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, அதில் கமிஷன் பெறுபவர் யாராக இருந்தாலும் சரி.

இதற்காகப் பல பத்தாயிரம் ரூபாய் கொடுக்க நகையை அடகு வைத்து வட்டிக்கு வாங்கத் துணியும் குடும்பங்களும் உண்டு. சகோதரர்களே, நடக்க வாய்ப்பு மிகக் குறைந்த ஒரு நன்மைக்காக, நிச்சயமான ஹராமுக்குள் கால் வைக்காதீர்கள். வைக்காவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் ஆகாது. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதல் உரிமை பிறந்த குழந்தைக்கு

இதில் இன்னோர் அமானத்தும் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே இடுக்காமல் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்திருக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கும் இரத்தம் குழந்தையின் உடலுக்குள் போகிறது. பின்னாளில் வரும் இரும்புச்சத்துக் குறைவை அது தடுக்கிறது. சேகரிப்புப் பை நிரம்ப வேண்டும் என்பதற்காக அவசரமாகக் கொடியை இடுக்கினால், குழந்தைக்குச் சேரவேண்டியதைக் குழந்தையிடமிருந்தே எடுக்கிறோம். வாய் திறந்து கேட்க முடியாதவரின் ஹக்கு அது. சேகரிக்கிறீர்களோ இல்லையோ, மருத்துவரிடம் இதை முன்கூட்டியே பேசிவையுங்கள். குழந்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் மற்றவர்களுக்கு.

யார் சேமிக்க வேண்டும்?

சேமிப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தலசீமியாவோ, குருத்தணுவால் குணமாகும் வேறு இரத்த நோயோ இருந்து, அடுத்த குழந்தை பிறக்கப்போகிறது என்றால், அந்தத் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிப்பது அறிவுள்ள செயல். ஐ.சி.எம்.ஆர் வழிகாட்டுதலும் இதை ஏற்கிறது. உடன்பிறந்த ஒருவரின் திசு அடையாளம் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உங்களை நம்பியிருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள் என்பதே நபிவழி. அந்தப் பெற்றோர் கவலையோடு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

மற்றவர்களுக்கு? நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சொல் போதும்: ஊருணி. மழை குறைந்த இந்தச் சீமையில் ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு குளம் வெட்டிக்கொள்ளவில்லை. ஊர் சேர்ந்து ஓர் ஊருணியைக் காத்தது. எல்லோருடைய மழையும் அதில் விழுந்தது, தாகம் வந்தவர் அள்ளிக் குடித்தார். ஹதீஸிலும் இதற்கு நேரான ஓர் உதாரணம் இருக்கிறது. அஷ்அரி கோத்திரத்தார் பயணத்தில் உணவு குறைந்தால், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சார்ந்தவர்கள், நான் அவர்களைச் சார்ந்தவன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

பொதுத் தொப்புள்கொடி வங்கி என்பது அந்த ஊருணிதான். தானமாகக் கொடுத்ததைத் திசு பொருந்தும் நோயாளி யாராக இருந்தாலும் அவருக்குக் கொடுப்பார்கள். சென்னையில் ஜீவன் என்ற தொண்டு அமைப்பு அப்படி ஒரு வங்கியை ஏற்படுத்தியது. ஒவ்வொரு பையையும் பரிசோதித்து, உறைய வைத்து, பல ஆண்டுகள் காப்பதற்குப் பெரும் செலவாகும். தானத்தை நம்பி அதை நடத்துவது மலையைத் தூக்குவது போன்றது. 2004-இல் சென்னையில் தொடங்கிய லைஃப்செல் என்ற தனியார் நிறுவனம், 2017-இல் உறுப்பினர்கள் ஒருவர் சேமித்ததை மற்றவரும் பெறும் கூட்டு முறையைக் கொண்டுவந்தது. பணம் கட்டிய உறுப்பினர் குடும்பங்களுக்கு உள்ளே நடக்கும் பகிர்வு அது. தனக்கு மட்டும் பூட்டிவைப்பதைவிட அறிவுக்கு நெருக்கமானது. ஆனாலும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். என்ன தருவார்கள், எத்தனை ஆண்டு, நிறுவனம் மூடினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தெளிவில்லாத ஒப்பந்தத்தில் கரர் இருக்கிறது.

மக்களுக்குத் தேவையான உணவைப் பதுக்குபவர் பாவி என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தைத் தனக்கென வைப்பவரை நான் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஃபத்வா வேறு, உள்ளத்தின் கேள்வி வேறு. நமக்குப் பயன்படாத ஒன்றை, இன்னொரு குழந்தைக்கு உயிராகக்கூடிய ஒன்றை, 'எனக்கு மட்டும்' என்று பூட்டும்போது, யூசுஃப் நபியின் முதல் பாடத்தைப் படித்துவிட்டு இரண்டாவது பாடத்தை விட்டுவிட்டோமோ என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அகீகாவின் முடியும் நம் கையில் இருக்கும் தானமும்

ஏழாம் நாள் குழந்தையின் தலைமுடியை இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறோம். ஃபாத்திமா (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளின் முடியை எடைபோட்டு அப்படிச் செய்ததாக முவத்தாவில் வருகிறது. இதில் எவ்வளவு பெரிய தர்பியத் இருக்கிறது என்று பாருங்கள்! உலகுக்கு வந்து ஒரு வாரம்கூட நிறையாத குழந்தையின் பெயரில் ஏழைக்குத் தர்மம் போகிறது. உடலிலிருந்து கழிந்த முடியே அதற்கு எடைக்கல். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே கொடுக்கவும் கற்றுக்கொடுக்கிறது மார்க்கம்.

அந்த மனப்பான்மையோடு பார்த்தால், பொது வங்கிக்குக் கொடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கும்போது, தொப்புள்கொடி இரத்தம் பிள்ளையின் முதல் ஸதகாவாக ஆகலாம். அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. சேகரித்த இரத்தம் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பதப்படுத்தப்பட வேண்டும் என்பதால் நம் கடற்கரை ஊர்களுக்கு அது சிரமம்தான்.

ஆனால் வாலிபர்களே, உங்கள் மஜ்ஜையிலும் அதே குருத்தணு இருக்கிறது! அதற்கு உறைகலம் வேண்டாம். அல்லாஹ் கொடுத்த உடலே களஞ்சியம். 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்துப் பதிவு செய்யலாம். எங்கோ ஒரு நோயாளிக்கு உங்கள் திசு பொருந்தினால் அழைப்பு வரும். ஐந்து நாள் ஊசி போட்டு, குருத்தணுக்கள் இரத்தத்துக்குள் வந்ததும், இயந்திரத்தின் மூலம் சில மணி நேரத்தில் பிரித்தெடுப்பார்கள். கொடுத்ததை உடல் சில வாரங்களில் ஈடுசெய்துவிடும். திசு அடையாளம் ஒரே பூர்வீகம் கொண்டவர்களிடையே பொருந்துவதற்கு வாய்ப்பு அதிகம். தமிழ் நோயாளிக்கு ஐரோப்பாவில் தேடுவதைவிட இங்கே தேடினால்தான் கிடைக்கும். நாம் பதியாமல் இருந்தால் நம் மக்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

பதிந்துவிட்டு, அழைப்பு வரும்போது பின்வாங்காதீர்கள். அங்கே நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டுக் காத்திருப்பார்கள். உங்கள் வாக்கு அவருடைய மூச்சு. வீட்டில் பேசி, உம்மா வாப்பாவின் சம்மதத்தோடு, உறுதியான பிறகு பதியுங்கள்.

இங்கே ஒரு மஸ்அலா. இப்படிப் பெற்றவரின் இரத்த குரூப்பே கொடுத்தவருடையதாக மாறிவிடலாம். அவர் இரத்தத்தில் ஓடும் மரபணுவும் கொடுத்தவருடையதாக இருக்கும். அதனால் இருவரும் சகோதரர் ஆவார்களா? நஸப் மாறாது, மஹ்ரம் உறவும் உண்டாகாது. அந்த உறவை உண்டாக்குவது குறிப்பிட்ட வயதுக்குள் குடித்த தாய்ப்பால்தான்.

"வேறு மதத்தவருக்குப் போய்ச் சேர்ந்தால்?" என்றும் கேட்பார்கள். தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்த ஹதீஸைக் கேட்டவர்கள் நாம். ஓர் உயிரை வாழவைப்பவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற கருத்து ஸூரா மாயிதாவின் 32-ஆவது வசனத்தில் இருக்கிறது. அங்கே உயிர் என்றுதான் இருக்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று சிகிச்சையின் தொடக்கத்தில் பதிவகம் இருவருக்கும் சொல்வதில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

பாசி எடுக்கும் பெண்ணின் பிள்ளை

இந்த மண்ணுக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளை, கால் ஊனமுற்ற குழந்தைகளின் காலிப்பருக்குத் திருப்பினார். கிலோக்கணக்கில் இரும்பைச் சுமந்து நடந்த பிள்ளைகளுக்கு அது சில நூறு கிராமாகக் குறைந்தது. 1990-களில் இதய மருத்துவர் சோமராஜு அவர்களோடு சேர்ந்து விலை குறைந்த ஸ்டென்ட்டையும் உருவாக்கினார். அறிவுக்கும் ஒரு ஜகாத் உண்டு. அது இல்லாதவரிடம் போய்ச் சேர்வதுதான் அந்த ஜகாத்.

நாளை ஆல்ஜினேட் மணிக்குள் பொதிந்த குருத்தணு மருந்தாகப் பரவலாம். அந்த மணிக்கான பாசியை எந்தக் கடற்கரைப் பெண்ணோ எடுத்திருப்பாள். அவள் பிள்ளைக்கு நோய் வந்தால் அந்த மருந்து எட்டுமா? இதைக் கேட்பது மருத்துவர்களின் கடமை மட்டுமல்ல. நம் ஜமாஅத்துகளில் பைத்துல்மால் இருக்கிறது, வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அங்கே போய்ப் பணமில்லாமல் திரும்பும் பெற்றோர் உண்டு. தன் பிள்ளைக்குத் தேவைப்படாத பையை உறைய வைக்கக் கட்டும் தொகை, இன்று நோயோடு கிடக்கும் ஒரு பிள்ளையின் சிகிச்சைக்குப் போனால், மீஸானில் எது கனமாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். சேமிப்பது ஆகும், ஆனால் கடமை அல்ல. வீட்டில் தேவையுள்ள பிள்ளை இருந்தால் தயங்காமல் சேமியுங்கள். இல்லையென்றால் கடன்பட்டு, வட்டிக்குப் போய்ச் செய்யாதீர்கள். கொடியை இடுக்கும் முன் குழந்தையின் பங்கைக் குழந்தைக்கு விடுங்கள். பொதுவில் கொடுக்க வழி கிடைத்தால் கொடுங்கள். 18 வயது நிரம்பிய ஆரோக்கியமான வாலிபர்கள் பதிவகத்தில் பெயர் கொடுங்கள்.

கதிரோடு தானியத்தைக் காக்கக் கற்றுக்கொடுத்த யூசுஃப் நபியை அல்லாஹ் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக்கினான். அந்த நபி பூட்டையும் காத்தார்கள், பசித்தவருக்குக் கதவையும் திறந்தார்கள். நம் உடலில் இருக்கும் களஞ்சியத்துக்கு நாம் பொறுப்பு.

யா அல்லாஹ்! நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் செல்வத்திலும் உடலிலும் நீ வைத்த அமானத்தை உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. பயத்தை விற்பவர்களிடமிருந்தும், எங்கள் உள்ளத்தின் கஞ்சத்தனத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.